எஞ்சின் தொடாத சுழலி: ஆட்டோஜைரோ பறக்கும் விதம்

ஆட்டோஜைரோவைத் தொலைவிலிருந்து முதன்முறையாகப் பார்ப்பவர் அதைச் சிறிய ஹெலிகாப்டர் என்றே எண்ணுவார். தலைக்கு மேலே நீண்ட அலகுகள் சுழல்கின்றன. பக்கவாட்டில் இறக்கை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. உள்ளே ஒருவரோ இருவரோ அமர்ந்திருக்கிறார்கள். நெருங்கிச் சென்றால்தான் வேறுபாடு புலப்படும். ஹெலிகாப்டரின் வால் நுனியில் இருக்கும் சிறு சுழலி இதில் காணப்படாது. அதற்கு மாறாக, இருக்கைகளுக்குப் பின்னால், பழைய வடிவங்களாயின் மூக்குப் பகுதியில், சாதாரண விமானத்தில் உள்ளதைப் போன்ற ஒரு புரொப்பெல்லர் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் சுழற்றுவது அந்தப் புரொப்பெல்லரை மட்டுமே. மேலே உள்ள பெரிய சுழலிக்கும் எஞ்சினுக்கும் பறக்கும் நேரத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. எடை முழுவதையும் தாங்கும் அந்த உறுப்பைச் சுழற்றிக்கொண்டிருப்பது, வண்டியைக் கடந்து செல்லும் காற்றுதான்.

இவ்வகை ஊர்தியை உருவாக்கிய ஸ்பானியப் பொறியாளர் ஹுவான் டி லா சியெர்வா அதற்கு 'ஆட்டோஜைரோ' என்று பெயரிட்டு, அந்தப் பெயரையே தம் வணிகப் பெயராகவும் வைத்துக்கொண்டார். விமானப் போக்குவரத்து விதிகளை எழுதுவோர் 'ஜைரோபிளேன்' என்கிறார்கள். 'ஜைரோகாப்டர்' என்பது 1950களில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் தயாரிப்புக்குச் சூட்டி, பின்னர் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கிய சொல். தமிழில் இதற்கென்று நிலைபெற்ற பெயர் இல்லை என்றாலும், நம்மிடம் ஏற்கெனவே உள்ள ஒரு சொல் இதன் இயல்பை வியக்கத்தக்க வகையில் பிடித்துவிடுகிறது. 'காற்றாடி' என்று நாம் நூலில் கட்டி வானில் ஏற்றும் பட்டத்தையும் சொல்கிறோம்; குச்சியில் செருகிய ஓலை காற்றில் சுழல்வதையும் சொல்கிறோம். ஆட்டோஜைரோ இந்த இரண்டும் சேர்ந்தது. அதன் சுழலி காற்றில் தானாகச் சுற்றும் காற்றாடி. அலகுகள் சுற்றும்போது உருவாகும் வட்டத் தட்டு முழுவதும் காற்றுக்கு எதிரே சற்றுப் பின்சாய்ந்து நிற்கும் பட்டம். நூல் செய்யும் வேலையைப் புரொப்பெல்லர் செய்கிறது.

ஆனால் ஓலைக் காற்றாடியின் உவமையை ஓரளவுக்கு மேல் நீட்டினால் அது நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஓலைக் காற்றாடியின் மடல்கள் காற்று மோதித் தள்ளும் வகையில் நன்றாகச் சாய்ந்திருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அவை ஓடுகின்றன. ஆட்டோஜைரோவின் அலகுகள் ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கின்றன. அவற்றின் முன்விளிம்பு இரண்டு மூன்று பாகை மேல்நோக்கியே தூக்கியிருக்கிறது. கீழிருந்து வரும் காற்று இத்தகைய அலகைப் பின்பக்கமாகத் தள்ளும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பதோ நேர்மாறு: அலகு முன்விளிம்பை முன்னிறுத்தி, காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றுகிறது. இந்த முரண் புரிந்தால் ஆட்டோஜைரோவில் பாதி புரிந்துவிடும்.

எஞ்சின் இல்லாத கிளைடரை நினைத்துக்கொள்வது இதற்கு உதவும். கிளைடர் சமதளத்தில் பறந்தால் வேகம் குறைந்து நின்றுவிடும். சற்றே கீழிறங்கியபடி பறந்தால் அதே வேகத்தில் தொடர்ந்து முன்னேறும். இறங்கும்போது காற்று அதன் இறக்கையை முன்னிருந்தும் சற்றுக் கீழிருந்தும் சந்திக்கிறது. தூக்குவிசை என்பது எதிர்ப்படும் காற்றின் திசைக்குச் செங்குத்தாக எழுவது. ஆகவே காற்று கீழிருந்து சாய்வாக வரும்போது தூக்குவிசையும் நேர் மேலே போகாமல் சற்று முன்பக்கம் சாய்கிறது. அந்த முன்சாய்வின் பங்கு பின்னிழுவிசையைச் சரிக்கட்டிவிடுவதால் கிளைடர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டோஜைரோவின் ஒவ்வோர் அலகும் ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாகப் பறக்கும் கிளைடர்தான். கிளைடர் காற்றினூடே கீழிறங்குகிறது. இங்கே அலகு இறங்க வேண்டியதில்லை, காற்று சுழலித் தட்டின் ஊடே கீழிருந்து மேலாக ஏறினால் போதும். தட்டைப் பின்பக்கம் சாய்த்து முன்னே இழுத்துச் சென்றால் அந்த ஏற்றம் தானாகவே கிடைத்துவிடுகிறது. இந்த நிகழ்வுக்குத் தற்சுழற்சி என்று பெயர்.

அலகின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மையத்துக்கு அருகிலுள்ள பகுதி மெதுவாக நகர்வதால் கீழிருந்து வரும் காற்று அங்கே மிகச் செங்குத்தாக மோதுகிறது. அந்தப் பகுதி ஸ்டால் நிலையில், அதாவது காற்றோட்டம் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்து தூக்குவிசை குலைந்த நிலையில், வெறும் சுமையாகச் சுற்றிவருகிறது. நடுப்பகுதியில் காற்றின் கோணம் சரியாக அமைந்து, தூக்குவிசையின் முன்சாய்வு பின்னிழுவிசையை மிஞ்சுகிறது. சுழலிக்கு உயிர் கொடுப்பது இந்தப் பகுதி. நுனிப்பகுதி மிக வேகமாக ஓடுவதால் காற்று அதைக் கிட்டத்தட்ட நேர் எதிரே சந்திக்கிறது; முன்சாய்வு குறைந்து பின்னிழுவிசை மேலோங்குகிறது. நுனி தூக்குகிறது, ஆனால் சுழற்சியைத் தடுக்கிறது. நடுப்பகுதி அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சுழலியின் வேகம் கூடினால் தடுக்கும் பகுதி உள்நோக்கிப் பரவிச் சுழற்சியை மட்டுப்படுத்தும். வேகம் குறைந்தால் ஓட்டும் பகுதி வெளிநோக்கி நகர்ந்து மீண்டும் முடுக்கும். கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் இல்லாமல், விமானியின் கை படாமல், சுழலி தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சினின் வலிமையோ முன்னேறும் விரைவோ இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். முதன்மையாக அதைத் தீர்மானிப்பது சுழலி தாங்கும் சுமை. சுமையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பச் சுழற்சி வேகம் கூடுகிறது, குறைகிறது. விமானி மட்டும் அமர்ந்து மொத்த எடை 350 கிலோவாக இருக்கையில் நிமிடத்துக்கு 340 சுற்றுகள் சுற்றும் சுழலி, பயணி ஒருவர் ஏறி எடை 450 கிலோவானால் சுமார் 385 சுற்றுகளுக்குப் போய்விடும். 60 பாகை சாய்த்து வளைந்து திரும்பும்போது சுமை இரட்டிப்பாகிறது. சுழலியும் அதற்கேற்ப வேகமெடுத்துக்கொள்கிறது. சுமை ஏற ஏற வலுப்பெறும் இறக்கை என்று இதைச் சொல்லலாம். இந்தக் கணக்கின் மறுபக்கம், அதாவது சுமை குறைந்தால் என்ன ஆகும் என்பது, இக்கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

சமச்சீரின்மைச் சிக்கல்

சுழலும் இறக்கை முன்னோக்கி நகரத் தொடங்கியதும் புதிய சிக்கல் ஒன்று முளைக்கிறது. இன்றைய இருவர் அமரும் ஆட்டோஜைரோ ஒன்றின் சுழலி விட்டம் 8.4 மீட்டர் என்றும், அது நிமிடத்துக்கு 350 சுற்றுகள் சுற்றுகிறது என்றும் கொள்வோம். அலகு நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 554 கிலோமீட்டர். ஊர்தி மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முன்னோக்கி வரும் அலகின் நுனி 674 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைச் சந்திக்கிறது. பின்னோக்கிச் செல்லும் அலகின் நுனி 434 கிலோமீட்டர் வேகத்தில்தான் சந்திக்கிறது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இரு நுனிகளுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேறுபாடு எழுகிறது. பின்செல்லும் பக்கத்தில், மையத்திலிருந்து 90 சென்டிமீட்டர் வரையிலான பகுதியில், காற்று அலகின் பின்விளிம்பிலிருந்தே நுழைகிறது. அலகுகள் மையத்தோடு விறைப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தால் ஊர்தி ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

சியெர்வாவுக்கு அதுதான் நேர்ந்தது. 1895இல் முர்சியாவில் பிறந்த அவர், 1919இல் தாம் வடிவமைத்த மூன்று எஞ்சின் குண்டுவீச்சு விமானம் தாழ்வான உயரத்தில் வேகமிழந்து, ஸ்டாலாகி நொறுங்கியதைக் கண்டார். விமானத்தின் வேகம் எவ்வளவு குறைந்தாலும் இறக்கையின் வேகம் குறையாமல் இருக்க வேண்டும். அப்படியானால் இறக்கை விமானத்தைச் சாராமல் தனியே நகர வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அதன் பிறகுதான். அவர் கட்டிய முதல் மூன்று வடிவங்களும் பறக்கவில்லை. தரையைவிட்டு எழ முயன்றபோதெல்லாம் பக்கவாட்டில் உருண்டன. அதே நேரத்தில், பிரம்பாலான வளையும் அலகுகளைப் பொருத்திய சிறு மாதிரி மட்டும் சீராகப் பறந்துகொண்டிருந்தது. பெரிய வண்டியின் விறைப்பான அலகுகளுக்கு இல்லாத ஏதோ ஒன்று வளையும் பிரம்புக்கு இருந்தது.

அவர் கண்ட தீர்வு எளிய கீல். ஒவ்வோர் அலகும் மையத்தில் கீலால் இணைக்கப்பட்டு மேலும் கீழும் ஆட விடப்பட்டது. முன்னோக்கி வரும் அலகு அதிகத் தூக்குவிசை பெற்று மேலெழுகிறது. மேலெழும்போது அதைச் சந்திக்கும் காற்றின் கோணம் குறைந்து தூக்குவிசையும் குறைகிறது. பின்செல்லும் அலகு தாழ்கிறது. தாழும்போது கோணம் கூடித் தூக்குவிசை ஈடுசெய்யப்படுகிறது. இரு பக்கங்களும் தாமாகவே சமன்படுகின்றன. அலகுகள் மேலே மடங்கிவிடாமல் பிடித்து வைத்திருப்பது சுழற்சியால் எழும் மையவிலக்கு விசை. இந்தக் கீலோடு அமைந்த சி.4 என்ற ஊர்தி 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே கெடாஃபேயில், அலெகாந்த்ரோ கோமெஸ் ஸ்பென்சர் ஓட்ட, பறந்தது. சில நாட்களில் அதன் எஞ்சின் தாழ்ந்த உயரத்தில் நின்றுபோனபோது ஊர்தி சேதமின்றித் தரைக்கு வந்தது. சியெர்வா எதற்காக இத்தனையும் செய்தாரோ அதற்கான சான்று, யாரும் திட்டமிடாமலே கிடைத்துவிட்டது.

இன்றைய இலகுரக வடிவங்களில் தனித்தனிக் கீல்கள் இருப்பதில்லை. இரண்டு அலகுகளும் ஒரே தண்டாக இணைந்து, பிள்ளைகள் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையைப் போல நடுவே ஓர் அச்சில் ஆடுகின்றன. ஒன்று எழுந்தால் மற்றது தாழும். வேலை அதேதான்.

மேலெழுதலும் கீழிறங்கலும்

தற்சுழற்சி தொடங்குவதற்கே ஒரு குறைந்தபட்சச் சுழற்சி வேண்டும். நின்றுகொண்டிருக்கும் அலகைக் காற்று தானாக முடுக்கிவிடாது. தொடக்க காலத்தில் அலகுகளின் அடியில் முளைகள் பொருத்தி, கயிற்றைச் சுற்றி, பம்பரத்தைச் சுண்டுவது போல ஆட்கள் இழுத்துவிட்டார்கள். 1929இல் வந்த சி.19 வடிவத்தில் வால் பகுதியை மேல்நோக்கி வளைத்து, புரொப்பெல்லரின் காற்றைச் சுழலியின் மேல் திருப்பிவிடும் ஏற்பாடு இருந்தது. பின்னர் எஞ்சினிலிருந்து ஒரு தண்டு வழியாகச் சுழலியைத் தரையில் இருக்கும்போது மட்டும் முடுக்கி, ஓடத் தொடங்குமுன் தொடர்பைத் துண்டித்துவிடும் முறை வந்தது. இன்றும் அதுவே நடைமுறை. நிமிடத்துக்கு 200 சுற்றுகள் அளவுக்குச் சுழலியை ஏற்றிவிட்டு, கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்துத் தட்டைச் சாய்த்துக்கொண்டு ஓடுபாதையில் ஓடினால், மீதி வேகத்தைக் காற்று கொடுத்துவிடும். இந்த இடத்தில் அவசரம் ஆகாது. சுழலி போதிய வேகம் பெறுமுன் ஊர்தி விரைந்தால் பின்செல்லும் அலகு ஸ்டாலாகி, அலகுகள் கட்டுக்கடங்காமல் மேலும் கீழும் அடித்து, வாலையோ தரையையோ தாக்கும். வானில் நேரும் விபத்துகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; ஓடுபாதையிலேயே முடிந்துபோகும் இத்தகைய சிறு விபத்துகள்தான் பயிற்சி பெறுவோரின் பணப்பையைப் பெரிதும் பதம்பார்க்கின்றன.

எஞ்சின் பறக்கும்போது சுழலியைச் சுழற்றாததால் ஹெலிகாப்டரின் பல சிக்கல்கள் இங்கே எழுவதே இல்லை. சுழலியை ஒரு பக்கம் முறுக்கினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்ப முயலும். அதைத் தடுக்கவே ஹெலிகாப்டருக்கு வால் சுழலி. ஆட்டோஜைரோவில் முறுக்குபவர் யாருமில்லை என்பதால் அது தேவைப்படவில்லை. கனமான பற்சக்கரப் பெட்டியும் தேவைப்படவில்லை. எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் விமானி ஓரிரு நொடிக்குள் அலகுகளின் கோணத்தைக் குறைத்து, மேலிருந்து கீழே தள்ளப்பட்டுக்கொண்டிருந்த காற்றோட்டத்தைக் கீழிருந்து மேலாக மாற்றி, தற்சுழற்சிக்குள் நுழைந்தாக வேண்டும். ஆட்டோஜைரோ எப்போதுமே அந்த நிலையில்தான் பறக்கிறது. ஹெலிகாப்டருக்கு ஆபத்துக்கால ஏற்பாடாக உள்ளது இதற்கு அன்றாட வாழ்க்கை.

இதிலிருந்து 'எஞ்சின் நின்றால் பாராசூட் போல மெல்ல இறங்கிவிடும்' என்ற கூற்று பிறந்து, விளம்பரங்களில் இன்றும் உலவுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. தற்சுழற்சியில் நேர் கீழாக இறங்கும் சுழலி, அதே பரப்புள்ள பாராசூட் அளவுக்குக் காற்றைத் தடுக்கிறது என்பது சரியே. ஆனால் முன் சொன்ன 8.4 மீட்டர் சுழலியும் 450 கிலோ எடையும் கொண்ட ஊர்திக்குக் கணக்குப் போட்டால், நேர் கீழிறக்கத்தின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் அளவில் வருகிறது. ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவன் தரையில் மோதும் வேகம் அது. மெல்லிய இறக்கம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். உண்மையில் விமானி மூக்கைத் தாழ்த்தி முன்வேகம் பெற்று, சரிவாக இறங்கி, தரையை நெருங்குகையில் தண்டைப் பின்னால் இழுக்கிறார். முன்வேகம் முழுவதும் தூக்குவிசையாகவும் சுழலியின் கூடுதல் வேகமாகவும் மாறி, சக்கரங்கள் தரையைத் தொட்ட சில மீட்டரில் வண்டி நின்றுவிடுகிறது. சிறு வயல்வெளியே இதற்குப் போதும் என்பதுதான் உண்மையான நன்மை. வேகம் குறைந்தால் விழாது; உயரத்தை மட்டுமே இழக்கும். ஆனால் அந்த உயரம் இருக்க வேண்டும்.

நன்மைக்கு விலையும் உண்டு. சுழலியின் பின்னிழுவிசை நிலை இறக்கையினதைவிட மிகுதி. எஞ்சின் நின்ற நிலையில் ஆட்டோஜைரோ, ஒரு மீட்டர் உயரத்தை இழந்து மூன்று நான்கு மீட்டர்தான் முன்னே செல்லும். சாதாரணச் சிறு விமானம் அதைப்போல இரு மடங்குக்கு மேல் போகும். 100 குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்ட இருவர் விமானங்கள் பல மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும் இடத்தில், அதே எஞ்சினைக் கொண்ட ஆட்டோஜைரோ 130 முதல் 150 வரை போகிறது. அந்தரத்தில் அசையாமல் நிற்கவும் இதனால் இயலாது. தொலைதூரப் பயணத்தில் விமானத்திடமும், ஓரிடத்தில் நிற்பதில் ஹெலிகாப்டரிடமும் தோற்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடமே இதற்கு மிஞ்சுகிறது. இதன் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே பெரும்பாலும் போதுமானது.

புகழும் மறதியும்

1925இல் ஃபார்ன்பரோவில் நடந்த செயல்விளக்கத்துக்குப் பிறகு சியெர்வாவின் முயற்சிகள் பிரிட்டனுக்கு இடம் மாறின. 1927இல் அலகு ஒன்று முறிந்து விபத்து நேர்ந்தபோது, அலகுகள் மேலும் கீழும் மட்டுமின்றி முன்னும் பின்னும் சற்று ஆட வேண்டும் என்பது தெளிவாகி, இரண்டாவது கீல் வந்தது. 1928 செப்டம்பரில் சியெர்வாவே சி.8 வகை ஊர்தியை லண்டனிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பாரிசுக்கு ஓட்டிச் சென்றார். அமெரிக்காவில் ஹரோல்ட் பிட்கெய்ர்ன் உரிமம் பெற்றுக் கட்டிய பிசிஏ-2, 1931 ஏப்ரலில் வெள்ளை மாளிகையின் புல்வெளியில் இறங்கியது. அதே மாதம் அமேலியா இயர்ஹார்ட் அதே வகை ஊர்தியில் 18,415 அடி உயரத்தை எட்டினார். 1939இல் ஃபிலடெல்ஃபியாவின் அஞ்சலகக் கூரையிலிருந்து ஆட்டோஜைரோக்கள் தபால் பைகளை விமான நிலையத்துக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கின.

இவற்றைவிட நிலைத்த மாற்றம் என்று நான் கருதுவது 1930களின் முற்பகுதியில் வந்த சி.30 வடிவம். அதற்கு முந்தைய ஆட்டோஜைரோக்களுக்குக் குட்டை இறக்கைகளும், விமானத்தினுடையதைப் போன்ற கட்டுப்பாட்டு மடிப்புகளும் இருந்தன. வேகம் குறைந்தால் அந்த மடிப்புகள் செயலற்றுப்போகும்; மெதுவாகப் பறப்பதையே பெருமையாகக் கொண்ட ஊர்தி, மெதுவாகப் பறக்கும்போது சொல்பேச்சுக் கேட்காது. சி.30இல் இறக்கைகள் நீக்கப்பட்டு, சுழலியின் மையத்தையே விமானி சாய்த்துத் திருப்பும் முறை வந்தது. இன்றைய ஆட்டோஜைரோக்கள் அனைத்தும் இந்த வழியில்தான் இயங்குகின்றன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடற்கரை ராடார்களைச் சரிபார்க்க இந்த வகை ஊர்திகளே பயன்பட்டன. குறிப்பிட்ட இடத்தில் மெதுவாக வட்டமிட்டுக்கொண்டிருக்க வேறு எதுவும் அவ்வளவு பொருந்தவில்லை.

சியெர்வா அந்தப் போரைக் காணவில்லை. 1936 டிசம்பர் 9 அன்று குராய்டன் விமான நிலையத்திலிருந்து பனிமூட்டத்தில் மேலெழுந்த பயணி விமானம் ஒன்று வீடுகளின் மேல் மோதி நொறுங்கியதில் அவர் இறந்தார். அது நிலை இறக்கை விமானம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மனியில் ஃபோக்கே-வுல்ஃப் எஃப்டபிள்யூ 61 என்ற ஹெலிகாப்டர் பறந்திருந்தது. அந்த நிறுவனம் அதற்குமுன் சியெர்வாவின் ஆட்டோஜைரோக்களை உரிமம் பெற்றுக் கட்டிவந்தது. அலகுக் கீல்கள், மையத்தைச் சாய்க்கும் முறை, தற்சுழற்சியின் கணக்குகள் ஆகியவை இல்லாமல் ஹெலிகாப்டர் வெகு காலம் காத்திருந்திருக்கும். அமெரிக்க அரசு தன் ஹெலிகாப்டர்களில் ஆட்டோஜைரோக் காப்புரிமைகளைப் பயன்படுத்திக்கொண்டது என்று பிட்கெய்ர்ன் நிறுவனம் தொடுத்த வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்து, நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனால் அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் வந்தபின் ராணுவங்களின் பணம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது.

போர்க்காலத்தின் ஒரு விந்தை மட்டும் மறுபிறப்புக்கு வித்திட்டது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் சில, ஃபா 330 என்ற எஞ்சினே இல்லாத சுழலிப் பட்டத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துச் சென்றன; அதில் அமர்ந்த ஒருவர் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, கப்பல் தளத்திலிருந்து தெரியாத தொலைவுவரை கண்காணித்தார். பிரிட்டனில் ரவுல் ஹாஃப்னர் படைவீரரைத் தரையிறக்கச் சிறு சுழலி ஒன்றை உருவாக்கினார். இவற்றை ஆராய்ந்த ஈகோர் பென்சன், 1950களில் வட கரோலைனாவில் அலுமினியக் குழாய்களாலான எளிய சட்டத்தில் இருக்கை, சுழலி, சிறிய எஞ்சின் ஆகியவற்றைப் பொருத்தி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்க ஜைரோகாப்டரை விற்றார். ஆளில்லா இலக்கு விமானங்களுக்காகச் செய்யப்பட்ட 72 குதிரைத்திறன் எஞ்சின் அதற்கு உதவியது. பிரிட்டனில் கென் வாலிஸ் இன்னும் நேர்த்தியான ஓர் ஊர்தியைக் கட்டிப் பல உலகச் சாதனைகளைத் தம் பெயரில் வைத்திருந்தார்.

ஒரு காலத்தில் ஆட்டோஜைரோவின் கொள்கையைப் பெரும் அளவில் நீட்டிப் பார்க்கவும் முயன்றார்கள். 1957இல் பறந்த ஃபேரி ரோட்டோடைன், 40 பயணிகளை நகர மையத்திலிருந்து ஏற்றிச் செல்லும் நோக்கில், அலகு நுனிகளில் தாரை எஞ்சின்களோடு செங்குத்தாக எழுந்து, பின்னர் ஆட்டோஜைரோவாகப் பறந்தது. 1959இல் மணிக்கு 307 கிலோமீட்டர் வேகச் சாதனையும் படைத்தது. நுனித் தாரைகளின் பேரிரைச்சலும், வாங்குவோர் பின்வாங்கியதும் சேர்ந்து 1962இல் அந்தத் திட்டத்தை முடித்துவைத்தன.

சுமை இழந்த சுழலி

வீட்டில் கட்டிய ஜைரோகாப்டர்கள் பரவியபோது, 'விழவே விழாத ஊர்தி' என்ற புகழோடு, உயிரிழப்பு மிகுந்த ஊர்தி என்ற பெயரும் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சுழலி தன் வேகத்தைச் சுமையிலிருந்து பெறுகிறது என்று முன்னர் பார்த்தோம். விமானி தண்டைச் சட்டென முன்னே தள்ளினாலோ, கீழ்நோக்கிய காற்றுவீச்சு ஒன்று தாக்கினாலோ, சுழலித் தட்டின் ஊடே மேலேறும் காற்று குறைந்து, சுழலி கணநேரம் சுமையற்றுப்போகிறது. அப்போது அதைச் சுழற்ற எதுவும் இல்லை. வேகம் விரைவாகச் சரிகிறது.

இந்த நேரத்தில் புரொப்பெல்லர் எங்கே இருக்கிறது என்பதுதான் உயிரைக் காப்பதும் பறிப்பதும். பல பழைய வடிவங்களில் எஞ்சின் உயரமாகப் பொருத்தப்பட்டு, அதன் உந்துவிசைக்கோடு ஊர்தியின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே சென்றது. சாதாரணமாகச் சுழலியின் இழுப்பு அந்த உந்துதலைச் சமன்செய்துவந்தது. சுழலி சுமையிழந்ததும் சமன்செய்ய எதுவும் இன்றி, முழு விசையில் ஓடும் புரொப்பெல்லர் மூக்கைக் கீழே தள்ளுகிறது. மூக்கு தாழத் தாழச் சுழலி இன்னும் சுமையிழக்கிறது. ஒரு நொடி இரண்டு நொடிக்குள் ஊர்தி முன்பக்கமாகத் தலைகுப்புறக் கவிழ்கிறது, அலகுகள் வாலில் மோதுகின்றன. அதிலிருந்து மீளும் வழி கிடையாது. சிறு விமானங்கள் சிலவற்றில் உள்ள, ஊர்தி முழுவதையும் தாங்கும் பாராசூட்டையும், தலைக்கு மேலே அலகுகள் சுழலும் இந்த அமைப்பில் பொருத்துவது எளிதன்று.

பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காக கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்து, ஈர்ப்பு மையத்துக்கும் உந்துவிசைக்கோட்டுக்கும் இடையிலான செங்குத்து இடைவெளியே நிலைத்தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். அந்த இடைவெளி சில சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது வடிவமைப்போருக்கு இலக்கணமானது. அத்துடன் புரொப்பெல்லரின் காற்றோட்டத்தில் நிற்கும் பெரிய கிடைமட்ட வால் தகடும் இப்போது வழக்கமாகிவிட்டது. இத்தாலியின் மாக்னி, ஜெர்மனியின் ஆட்டோஜைரோ, ஸ்பெயினின் இஎல்ஏ ஆகிய நிறுவனங்களின் இன்றைய ஊர்திகள், பென்சன் காலத்துக் குழாய்ச் சட்டங்களைவிட இந்த வகையில் வெகு தூரம் முன்னேறியவை. 2019இல் ஜேம்ஸ் கெட்செல் என்பவர் மாக்னி ஊர்தி ஒன்றில் 175 நாட்களில் உலகைச் சுற்றிவந்தார்; நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பயணத்தை யாரும் அறிவுள்ள செயல் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

வடிவம் திருந்தினாலும், விமானியின் கைப்பழக்கம் ஒன்று பயிற்றுநர்களை இன்றும் கவலையில் வைத்திருக்கிறது. நிலை இறக்கை விமானத்தில் பல நூறு மணி நேரம் பறந்தவர்களுக்கு, வேகம் குறைந்து ஊர்தி தளர்வது போலத் தோன்றினால் தண்டை முன்னே தள்ள வேண்டும் என்பது எலும்புவரை ஊறியிருக்கிறது. அங்கே அது உயிரைக் காக்கும் அசைவு. ஆட்டோஜைரோவில் அதே அசைவு, முரட்டுத்தனமாகச் செய்யப்பட்டால், சுழலியின் சுமையைப் பறித்துவிடும். எனவே விமான ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களும் இதற்கெனத் தனியே பயிற்சி பெற வேண்டியிருக்கிறது. காற்று கொந்தளித்து ஊர்தி முன்னும் பின்னும் ஊசலாடத் தொடங்கினால், அந்தப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படுவது இதுதான்: எஞ்சின் விசையைக் குறை, தண்டை அசைக்காமல் சற்றே பின்னால் வைத்திரு, தட்டின் ஊடே காற்று மீண்டும் கீழிருந்து மேலே ஏறும்வரை வேறொன்றும் செய்யாதே.